சம்பளச் சீட்டு இல்லாத ஊர்ல வீட்டுக்கடன்: தேவாரம் ஜீப் டிரைவருக்கு வங்கி ஏன் 'நோ' சொல்லுது?

"சேலரி ஸ்லிப் இருக்கா தம்பி?"

வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போறவங்க முதல்ல சந்திக்கிற கேள்வி இதுதான். சென்னையில ஐ.டி கம்பெனியில இருக்கிறவருக்கு இது ஒரு கேள்வியே இல்ல. போனைத் திறந்து மூணு மாசத்து பி.டி.எஃப்-ஐ அனுப்பிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிடுவார். ஆனா தேவாரத்துலயும் போடியிலயும் இந்தக் கேள்விக்கு 'இருக்கு'ன்னு சொல்லக்கூடியவங்க ரொம்பக் கம்மி. ஸ்கூல் டீச்சர், போலீஸ், வங்கி ஊழியர், மின்வாரியம்... அவ்வளவுதான். மத்த ஊரே மலையை நம்பி இருக்கு.

தேனி மாவட்டத்தைத் தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். தேவாரம், உத்தமபாளையம் தாலுகாவுல மலையடிவாரத்துல இருக்கிற ஒரு பேரூராட்சி. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவோட இடுக்கி மாவட்டம். இந்தியாவோட ஏலக்காயில பெரும்பங்கு விளையிறது அங்கதான். விளையிறது அங்க, ஆனா வேலைக்கு ஆள் போறது, காய் தரம் பிரிக்கிறது, வியாபாரம் பண்றதுல பாதி இந்தப் பக்கம். ஸ்பைசஸ் போர்டோட மின்னணு ஏலம் நடக்கிற ரெண்டு ஊர்ல ஒண்ணு இடுக்கியில இருக்கிற புத்தடி, இன்னொண்ணு நம்ம போடிநாயக்கனூர். விடியுறதுக்கு முன்னாடியே தோட்ட வேலைக்கு ஆளுங்களை ஏத்திக்கிட்டு ஜீப்புகள் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியா மேல ஏறும், சாயங்காலம் இறங்கும். தேவாரத்துல இருந்து நேரா மேல ஏற சாக்குலூத்து மெட்டு ரோடு வேணும்னு இந்த ஊர்க்காரங்க எத்தனையோ வருஷமா கேட்டுக்கிட்டே இருக்காங்க. அது தனிக்கதை.

இந்தச் சங்கிலியில இருக்கிற எல்லாரையும் ஒரு தடவை வரிசையா நினைச்சுப் பாருங்க. சொந்த ஜீப் வச்சு ஓட்டுறவர். ஆள் கூட்டிட்டுப் போற கங்காணி. குடோன்ல காய் பிரிக்கிற அக்காக்கள். சின்னதா காய் வாங்கி விக்கிற வியாபாரி. மேல ரெண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்தவர். ஊர்ல கட்டட வேலை பார்க்கிற கொத்தனார், வெல்டிங் பட்டறை, செல்போன் கடை, ஊர்ல இருந்துகிட்டே வீடியோ எடிட்டிங் பண்ற தம்பி. இவங்கள்ல சிலர் சம்பளக்காரரை விடவே நல்லா சம்பாதிக்கிறாங்க. ஆனா வீட்டுக்கடன் ஃபார்ம்ல இவங்க எல்லாருக்கும் இருக்கிறது ஒரே ஒரு கட்டம்: 'சுயதொழில்'. அந்தக் கட்டத்துல டிக் அடிச்ச நிமிஷத்துல இருந்து கதையே வேற.

வங்கிக்கு என்னதான் பயம்?

சம்பளக்காரர்கிட்ட வங்கி பார்க்கிறது மூணு மாசச் சம்பளச் சீட்டு, ஆறு மாச வங்கிக் கணக்கு, படிவம் 16. சுயதொழில்காரர்கிட்ட பொதுவா ரெண்டு அல்லது மூணு வருஷ வருமான வரிக் கணக்கு, லாப நஷ்டக் கணக்கு, ஒரு வருஷத்து வங்கிக் கணக்கு, தொழில் நடக்குதுங்கிறதுக்கு ஒரு அத்தாட்சி. இது ஓரவஞ்சனை மாதிரி தெரியும். ஓரளவுக்கு ஓரவஞ்சனைதான். ஆனா வங்கி பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதை ஏலக்காயை வச்சே புரிஞ்சுக்கலாம்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்துல இடுக்கி தோட்டங்கள் நாசமாச்சு. காய் வரத்து குறைஞ்சதுல 2019 ஆகஸ்ட்ல ஏலத்துல அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டுச்சு. அந்த வருஷம் ஏலக்காயைத் தொட்டவன் எல்லாம் ராஜா. அப்புறம் விலை சரிஞ்சு சரிஞ்சு, 2022-ல சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழ வந்துச்சு. 2024 கோடையில வறட்சி; செடியே காஞ்சுபோச்சு. இப்போ 20 வருஷக் கடன் கொடுக்கப்போற மேனேஜர் இடத்துல உங்களை வச்சுப் பாருங்க. 2019 வருமானத்தைப் பார்த்துக் கடன் கொடுத்திருந்தா, 2022-ல தவணை வந்திருக்குமா?

அதனாலதான் வங்கிகள் ரெண்டு, மூணு வருஷச் சராசரியை எடுக்குது. கடைசி வருஷம் இறங்கியிருந்தா, பல இடங்கள்ல அந்தக் குறைஞ்ச தொகையை மட்டுமே எடுத்துக்குவாங்க. இது வரைக்கும் ஓகே.

ஆனா, நான் பார்த்த வரைக்கும், நம்ம ஊர்ல பெரும்பாலான விண்ணப்பங்கள் அடிபடுறது வருமானம் ஏறி இறங்குறதால இல்ல. வருமானம் எழுத்துல இல்லாததால. தோட்டத்துல கூலி ரொக்கம். ஜீப் வாடகை ரொக்கம். சில்லறை வியாபாரத்துல வாங்குறதும் ரொக்கம், விக்கிறதும் ரொக்கம். வர்ற காசு வீட்டுல இருக்கும், சீட்டுல இருக்கும், நகையா இருக்கும். வங்கிக் கணக்குல இருக்காது. 'மாசம் 50,000 சம்பாதிக்கிறேன் சார்'ங்கிறது உண்மையாவே இருக்கலாம். ஆனா வங்கியோட கம்ப்யூட்டர்ல அந்த வாக்கியத்தை டைப் பண்ண இடம் கிடையாது.

வரி பயத்துக்கு நாம கொடுக்கிற விலை

இதுல நம்ம பக்கத்துத் தப்பு ஒண்ணு இருக்கு, அதைப் பேசியே ஆகணும். கணக்கு தாக்கல் பண்றவங்ககூட, 'வரி வராத அளவுக்குப் போட்டுக்குடுங்க சார்'னு ஆடிட்டர்கிட்ட சொல்றது இங்க ரொம்ப சகஜம். 6 லட்சம் சம்பாதிச்சவர் 2.5 லட்சம்னு காட்டுவார். 'வரி மிச்சம்'னு சந்தோஷமா இருப்பார். நாலு வருஷம் கழிச்சு வீடு கட்டலாம்னு நினைக்கும்போதுதான் அந்த 2.5 லட்சம் முன்னாடி வந்து நிக்கும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். தோராயமா, மாச வருமானத்துல பாதி வரைக்கும் எல்லாக் கடன் தவணைக்கும் போகலாம்னு வங்கி அனுமதிக்குதுன்னு வச்சுக்குவோம். வட்டி 8.5 சதவீதம், 20 வருஷம். வருஷத்துக்கு 2.5 லட்சம் காட்டினவருக்கு மாச வருமானம் 20,800 சொச்சம், தவணைக்குப் போகக்கூடியது 10,400. அதுக்குக் கிடைக்கிற கடன் ஏறக்குறைய 12 லட்சம். 6 லட்சம் காட்டியிருந்தா மாசம் 50,000, தவணைக்கு 25,000, கடன் 28 லட்சத்துக்கும் மேல. ஜீப் மேல ஏற்கெனவே ஒரு கடன் ஓடுதா? அந்தத் தவணையும் இதுல கழியும். அப்போ 2.5 லட்சம் காட்டினவருக்கு மிஞ்சுறது கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல.

சரி, 6 லட்சம் காட்டினா வரி எவ்வளவு? இங்கதான் பலருக்கும் தெரியாத ஒரு மாற்றம் நடந்திருக்கு. 2025-26 நிதியாண்டு வருமானத்துல இருந்து, புதிய வரி முறையில, 12 லட்சம் வரைக்குமான வழக்கமான வருமானத்துக்குத் தள்ளுபடி போக வரி பூஜ்யம். 'சம்பளக்காரங்களுக்குத்தானே'ன்னு நினைக்காதீங்க, தொழில் வருமானத்துக்கும் அதே தள்ளுபடிதான். (ஷேர் மார்க்கெட் லாபம் மாதிரி தனி விகித வருமானங்கள் இதுல வராது.) அதாவது, தேவாரத்துல ஒரு ஜீப் டிரைவரோ செல்போன் கடைக்காரரோ உண்மையான வருமானத்தை அப்படியே காட்டினாலும் பெரும்பாலும் ஒரு ரூபா வரி கிடையாது. மறைக்கிறதுக்கு முன்ன ஒரு காரணம் இருந்துச்சு. அந்தக் காரணம் போயிடுச்சு, பழக்கம் மட்டும் மிச்சம் இருக்கு.

சின்னத் தொழில்காரங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. முழுசா கணக்குப் புத்தகம் எழுத வேண்டாம். மொத்த வரவு 2 கோடி வரைக்கும் இருந்தா (ரொக்கம் 5 சதவீதத்துக்குள்ள இருந்தா 3 கோடி) அதுல 8 சதவீதத்தை வருமானம்னு காட்டினாப் போதும். வங்கி வழியா, யு.பி.ஐ வழியா வந்த காசுக்கு 6 சதவீதம். ஆடிட்டர்கள் '44ஏடி'ன்னு சொல்றது இதைத்தான். புது வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-ல இருந்து நடைமுறைக்கு வந்ததுல பிரிவு எண் மாறிப்போச்சு, வசதி போகல.

ஆனா வீட்டுக்கடன்னு வரும்போது இந்த வசதியே வினையாகும். வருஷத்துக்கு 60 லட்சத்துக்குக் காய் வியாபாரம் பண்றவர் 6 சதவீதம்னு 3.6 லட்சம் காட்டுறார்னு வச்சுக்குவோம். நிஜமான லாபம் 7 லட்சம். சட்டம் சொல்றது குறைஞ்சபட்சம் 6 சதவீதம்னுதான், அதிகபட்சம்னு இல்ல. 7 லட்சம் கிடைச்சிருந்தா 7 லட்சம் காட்டலாம், காட்டணும். வங்கி பார்க்கிறது வியாபாரத் தொகையை இல்ல, வருமானத் தொகையை. அப்புறம், கமிஷன் மண்டி, புரோக்கர் தொழில் பண்றவங்களுக்கு இந்த வசதியே கிடையாது. அவங்க கணக்கு எழுதித்தான் ஆகணும்.

'அப்போ மூணு வருஷத்துக்கும் இப்பவே சேர்த்துப் போட்டுடலாமா?' இந்த ஐடியா எல்லாருக்கும் வரும். வேண்டாம். தாமதமா தாக்கல் பண்ண அந்தந்த மதிப்பீட்டு ஆண்டோட டிசம்பர் 31 வரைக்கும்தான் வாய்ப்பு, அபராதக் கட்டணமும் உண்டு. அது மட்டுமில்ல, ரெண்டு வருஷக் கணக்கு அடுத்தடுத்த நாள்ல தாக்கல் ஆகியிருந்தா, கடனுக்காகவே போட்டதுன்னு வங்கிக்குத் தெரியாம போகாது. ஏஜென்ட் யாராவது 'நான் ரெடி பண்ணித் தர்றேன்'னு படிவம் 16 கொண்டுவந்தா, அந்தப் பக்கமே போகாதீங்க. அதுக்குப் பேர் மோசடி, கையெழுத்து உங்களோடது.

ஆக, கசப்பான உண்மை இதுதான்: இன்னிக்கு வீடு கட்டணும்னு தோணுச்சுன்னா, வேலை ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும். 24, 25 வயசுல இதைப் படிக்கிறவங்களுக்கு அது ஒரு நல்ல செய்தி.

'நான் ஐ.டி-யில கான்ட்ராக்ட்ல இருக்கேன், எனக்கென்ன?'

போடியில இருந்து கோவை, சென்னை, பெங்களூருன்னு போன பசங்க நிறையப் பேருக்கு இந்த அதிர்ச்சி காத்துட்டு இருக்கு. மாசம் ஒண்ணாம் தேதி காசு வருது, ஐ.டி கார்டு இருக்கு, ஆபீஸ் பஸ் இருக்கு. ஆனா கம்பெனி 10 சதவீதம் டி.டி.எஸ் பிடிச்சுட்டுத் தருதா? பி.எஃப் இல்லையா? வருஷக் கடைசியில படிவம் 16-க்குப் பதிலா 16ஏ வருதா? அப்போ வங்கி கண்ணுல நீங்க ஊழியர் இல்ல, சுயதொழில்காரர். உங்க ஊர் ஜீப் டிரைவரும் நீங்களும் ஒரே வரிசைதான் பாஸ்! ஒரே வித்தியாசம், உங்க வருமானம் வரித்துறை பதிவுலயே இருக்கு. அதனால உங்களுக்கு வழி சுலபம்: வருஷம் தவறாம கணக்குத் தாக்கல் பண்ணி, ஒப்பந்தக் காகிதங்களை வரிசையா பத்திரப்படுத்துங்க. கம்பெனி மாறும்போது நடுவுல நாலு மாசம் இடைவெளி விழுந்தா, அதையும் கேப்பாங்க.

இது நம்ம ஊர்ப் பிரச்னை மட்டும் இல்ல. பிரிட்டன்ல ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வீட்டுக்கடன் கொடுக்கிற சில நிறுவனங்கள் ஒரு எளிய வழி வச்சிருக்கு. ஒப்பந்தத்துல இருக்கிற நாள் சம்பளத்தை வாரத்துக்கு அஞ்சு நாள், வருஷத்துக்கு 46 அல்லது 48 வாரம்னு பெருக்கி, அதையே ஆண்டு வருமானமா எடுத்துக்கிறது. மலைக்குப் போற நம்ம ஆளுங்களுக்கும் நாள் கூலிதான். ஆனா அதை எழுதி வச்ச ஒப்பந்தம் கிடையாது, பெருக்கிப் பார்க்க வங்கியும் கிடையாது. அதே பிரிட்டன்ல, 'என் வருமானம் இவ்வளவு'ன்னு கடன் வாங்குறவரே எழுதிக் கொடுத்தாப் போதும்னு ஒரு காலம் இருந்துச்சு. அமெரிக்காவுலயும் இருந்துச்சு. அந்தக் கடன்களுக்கு 'பொய்யர் கடன்'னே பட்டப்பேர் வந்துச்சு. 2008-ல அமெரிக்க வீட்டுக்கடன் சந்தை விழுந்ததுல இதுக்கும் பங்கு உண்டு. 2014-ல பிரிட்டன் அதுக்கு முற்றுப்புள்ளி வச்சுடுச்சு. அதனால 'வாய்வார்த்தையை நம்பிக் குடுங்க'ன்னு கேட்கிறது தீர்வு ஆகாது. வேற மாதிரி அளந்து பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

அளந்து பார்க்கிறவங்க இருக்காங்க, வட்டிதான் வேற

அப்படி வேற மாதிரி அளக்கிறவங்க தமிழ்நாட்டுலயே இருக்காங்க. வீட்டுவசதி நிதி நிறுவனங்கள். சென்னையில தலைமையிடம் வச்சிருக்கிற ரெப்கோ ஹோம் ஃபைனான்ஸ் 2000-ல ஆரம்பிச்சது. அதோட கடன்ல ஏறக்குறைய பாதி சம்பளம் இல்லாதவங்களுக்குப் போனது. (இதோட தாய் நிறுவனமான ரெப்கோ வங்கி, 1969-ல பர்மாவுல இருந்தும் இலங்கையில இருந்தும் தாயகம் திரும்பினவங்களுக்காக உருவானது. தோட்டத் தொழிலாளர் கதையோட ஒட்டின வங்கி.) 2009-ல ஆரம்பிச்ச ஆப்டஸ் மாதிரி நிறுவனங்கள் சின்ன ஊர்கள்ல இருக்கிற சுயதொழில்காரங்களைத்தான் முக்கிய வாடிக்கையாளரா வச்சிருக்கு.

இந்த மாதிரி நிறுவனங்களோட ஆள் உங்க கடைக்கே வந்து உட்காருவார். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வர்றாங்க, சரக்கு எங்க வாங்குறீங்க, பையன் எந்த ஸ்கூல், வாடகை எவ்வளவு, பக்கத்துக் கடைக்காரர் உங்களைப் பத்தி என்ன சொல்றார் எல்லாம் பார்த்து அவரே ஒரு வருமானத்தை மதிப்பிடுவார். கேட்க நல்லா இருக்குல்ல? விலையைக் கேளுங்க. வங்கியில 8.5 சதவீதத்துக்கு 20 லட்சம், 20 வருஷம் வாங்கினா மாசத் தவணை 17,356 ரூபாய். அதே கடன் 13 சதவீதம்னா 23,432. மாசம் 6,000 ரூபா வித்தியாசம், மொத்தத்துல 14.5 லட்சத்துக்கும் மேல. ரெண்டு வருஷம் கணக்குத் தாக்கல் பண்ணாததுக்கு ஒரு மனுஷன் 14 லட்சம் கட்டுறார்னு சொன்னா மிகையில்ல.

என் கருத்து: அவசரம் இல்லைன்னா ரெண்டு வருஷம் காத்திருந்து வங்கிக்குப் போறதுதான் லாபம். வாடகையும் கொடுத்து, நகைக்கடன் வட்டியும் கட்டி, கட்டட விலையும் ஏறிட்டே போகுதுன்னா, நிதி நிறுவனத்துல ஆரம்பிச்சு, கணக்கு சரியானதும் வங்கிக்கு மாத்திக்கிறது ஒரு வழி. மாறும் வட்டியில தனிநபர் வாங்கின வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைச்சா அபராதம் வாங்கக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி எப்பவோ சொல்லிடுச்சு. ஆனா கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க: அது மாறும் வட்டிதானா, அது வீட்டுக்கடன்தானா. 'வீட்டை அடமானம் வச்ச தொழில் கடன்'னு வேற பேர்ல, இன்னும் கூடுதல் வட்டியில கொடுத்துட்டுப் போறது நடக்குது. 2024 அக்டோபர்ல இருந்து ஒவ்வொரு கடனுக்கும் 'முக்கிய விவரத் தாள்' கொடுத்தே ஆகணும். மொத்தச் செலவும் சேர்ந்த வருஷ வட்டி அதுல இருக்கும். உங்களுக்குப் புரியுற மொழியில கேட்டு வாங்கிப் படிங்க.

சீசன் காசும் மாசத் தவணையும்

எனக்கு இந்த விஷயத்துல இருக்கிற பெரிய கோபம் வட்டிகூட இல்ல. கடனோட வடிவம். ஏலக்காய் அறுவடை ஆடி, ஆவணியில சூடு பிடிச்சு தை, மாசி வரைக்கும் போகும். ஏறக்குறைய ஒன்றரை மாசத்துக்கு ஒரு சுற்று காய் எடுப்பாங்க. அதுக்கு அப்புறம் கோடையில கை வறண்டுடும். ஜீப்புக்கும் ஆள் குறையும், குடோன்லயும் வேலை குறையும், ஊர்க் கடைகள்லயும் வியாபாரம் குறையும். ஆனா தவணை? பன்னிரண்டு மாசமும் அதே தேதி, அதே தொகை. சித்திரையில ரெண்டு தவணை தவறினா சிபில்ல ஏறிடும், ஆவணியில மூணு தவணை சேர்த்துக் கட்டினாலும் அந்தக் கறை சீக்கிரம் போகாது.

பயிர்க்கடன்ல அறுவடையைப் பார்த்துத்தானே கெடு வைக்கிறாங்க? வீட்டுக்கடன்ல ஏன் முடியாது? சில பொதுத்துறை வங்கிகளோட திட்டங்கள்ல விவசாயிகளுக்கு அரையாண்டுத் தவணை வசதி இருக்கு. ஆனா நாமளா கேட்டாலொழிய யாரும் சொல்றதில்ல. அதுவும் நில ஆவணம் காட்டுற விவசாயிக்குத்தான், அவர் தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்காரருக்கு இல்ல. ரெண்டு பேருக்கும் காசு வர்றது ஒரே செடியில இருந்துதான்.

அது மாறுற வரைக்கும் நாமளே ஒரு ஏற்பாடு பண்ணிக்கணும். தகுதி இருக்கேன்னு முழுத் தொகைக்கும் போகாம, கோடை மாசத்துலயும் கட்ட முடியுற அளவுக்குத் தவணையை நீளமா வச்சுக்கங்க. சீசன்ல காசு வரும்போது நாலு மாசத் தவணையைத் தனிக் கணக்குல போட்டு வச்சுட்டு, மீதியை அசல்ல கட்டுங்க. அபராதம் இல்லாம பகுதி அடைக்க முடியுங்கிறது, சம்பளக்காரரை விட சீசன்காரருக்குத்தான் பெரிய வரம். ஆரம்ப வருஷங்கள்ல அசல்ல போடுற ஒவ்வொரு ரூபாவும் பின்னாடி வட்டியைப் பலமடங்கு குறைக்கும்.

தோட்டம் இருக்கே, அதைக் காட்டலாமே?

மேல தோட்டம் வச்சிருக்கிற குடும்பங்கள் இங்க நிறைய. 'அதோட மதிப்பே கோடி வரும், அதை வச்சுக் கடன் தர மாட்டாங்களா?'ன்னு கேட்பாங்க. சிக்கலே அங்கதான். ஏலமலைக் காடுகள்னு சொல்ற பகுதியில நிலம் வனத்துறைக்கா வருவாய்த்துறைக்காங்கிற சண்டை நூறு வருஷத்துக்கு மேல ஓடுது. பல தோட்டங்கள் ஏலக்காய் சாகுபடிக்குன்னு கொடுத்த குத்தகை நிலம். 2024 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியில புதுசா பட்டா கொடுக்கவே இடைக்காலத் தடை போட்டுச்சு. அதனால அந்த நிலத்தை அடமானமா நம்பாதீங்க. ஆனா அதுல வர்ற வருமானத்தைக் காட்டலாம். ஏலத்துல விக்கிற காய்க்கு பில் இருக்கு, காசு வங்கி வழியா வருது. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லைன்னாலும், தாக்கல் பண்ற கணக்குல அதையும் எழுதினா, வங்கிக்கு அது ஒரு எழுத்து ஆதாரம். வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்தவங்களுக்கு அந்த பில்கூட இன்னொருத்தர் பேர்ல இருக்கும். அவங்க நிலைமைதான் ரொம்ப மோசம்.

ஊர்ல இருக்கிற மனைக்கும் பேப்பர் பார்த்தாகணும். அங்கீகாரம் இல்லாத மனை, தாத்தா பேர்லயே இருக்கிற பட்டா, பாகம் பிரிக்காத சொத்து: சம்பளக்காரருக்கும் இதே தலைவலி உண்டு. ஒரு நல்ல விஷயம், 2024 ஜூலையில இருந்து தமிழ்நாட்டுல 2,500 சதுர அடி மனையில 3,500 சதுர அடிக்குள்ள வீடு கட்ட சுயசான்று முறையில ஆன்லைன்லயே அனுமதி கிடைக்குது. அனுமதி வாங்காம கட்ட ஆரம்பிச்சுட்டு அப்புறம் கடனுக்குப் போகாதீங்க.

அரசுத் திட்டத்துல பலரும் தவறவிடுற ஒரு விஷயமும் இங்க இருக்கு. தேவாரம் பேரூராட்சி. அதனால கிராம ஊராட்சிகளுக்கான கலைஞர் கனவு இல்லம் இங்க பொருந்தாது. நகர்ப்புறத்துக்கான பிரதமர் வீட்டுவசதித் திட்டம் 2.0-தான் பார்க்கணும். குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை, இந்தியாவுல எங்கயும் சொந்தமா பக்கா வீடு இல்லைன்னா, 35 லட்சம் வரை மதிப்புள்ள வீட்டுக்கு 25 லட்சம் வரைக்கும் வாங்குற கடன்ல, முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம். அதிகபட்சம் 1.80 லட்சம், அஞ்சு வருஷத் தவணையா கடன் கணக்குலயே வந்து சேரும். பதிவுச் செலவையும் மறந்துடாதீங்க. விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்ந்து 9 சதவீதம், பொதுவா அது கடன்ல வராது. 10 லட்சம் வரைக்குமான சொத்தைப் பெண்கள் பேர்ல பதிஞ்சா கட்டணத்துல 1 சதவீதம் குறையும்.

மறுத்தா, ஏன்னு கேளுங்க

ஜீப் கடனைத் தவறாம கட்டினவர், அதுவே தனக்குச் சிபில் ஸ்கோர்னு தெரியாம இருப்பார். பத்து வருஷம் ஏலச்சீட்டு ஒழுங்கா கட்டினவர், அது எங்கயும் பதிவாகலைன்னு தெரியாம இருப்பார். அம்மா பேர்ல இருக்கிற குழுக் கடன் ஒண்ணு நிலுவையில நிக்கிறது, கூட்டு விண்ணப்பம் போட்ட அன்னிக்குத்தான் தெரியும். சிபில் உட்பட நாலு நிறுவனங்கள்லயும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையை இலவசமா எடுக்கலாம். கடனே வாங்கினதில்லைன்னா ஸ்கோரே இருக்காது. அந்த ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்கிறவரைத் திருப்பி அனுப்பக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு, 2025-ல மத்திய நிதித்துறை நாடாளுமன்றத்துலயும் இதை உறுதிப்படுத்துச்சு.

இன்னொரு விஷயம் பெரும்பாலான பேருக்குத் தெரியாது. கடன் விண்ணப்பத்தை நிராகரிச்சா, அதுக்கான முக்கியக் காரணத்தை வங்கி எழுத்துல தரணும். தொகை எவ்வளவா இருந்தாலும் சரின்னு 2007-லயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. 'உங்களுக்கெல்லாம் வராதுப்பா'ன்னு கவுன்ட்டர்ல சொல்றது காரணம் ஆகாது. விண்ணப்பத்தை முறையா கொடுத்து, ரசீது வாங்குங்க. மறுத்தா அந்தக் காகிதத்தைக் கேளுங்க. அதுல 'வருமான ஆதாரம் போதாது'ன்னு இருந்தா, எத்தனை வருஷக் கணக்கு, எவ்வளவு வருமானம் வேணும்னு கேட்டுக் குறிச்சுக்கங்க. கொஞ்சம் அதிகப்படியா தெரியலாம், மேனேஜர் முகம் சுளிக்கலாம். பரவாயில்ல. அடுத்த சீசன் முடியும்போது, ஜீப் வாடகை மொத்தமும் ஜிபேயில வாங்கின ஒரு வருஷக் கணக்கோட அதே கவுன்ட்டருக்குத் திரும்பப் போகும்போது அந்தக் காகிதம் கையில இருக்கட்டும்.